சூரியன் வந்து உட்கார்ந்த டிஷ்

போன வாரம் தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எவனோ ஒரு புண்ணியவான் சாக்கடை ஓரம் குப்பையைக் குவித்துக் கொளுத்திவிட்டிருந்தான். பட்டப்பகலில், இத்தனை பேர் நிற்கிற இடத்தில். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வழக்கமாக நான் இந்த மாதிரி ஆளைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிப்பவன். அன்று சிரிப்புதான் வந்தது. தனியாக நின்று சிரிக்கிறவனைப் பார்த்து ஒரு பெண்மணி இரண்டடி தள்ளி நின்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். இதே நாற்றம் ஒரு நாள் எங்கள் வீட்டு மாடியில் எழுந்த கதை அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் எங்கள் ஊர். பம்பு செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் வேலை. அப்பா முன்பே போய்விட்டார், வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா காலையில் களை எடுக்கப் போவாள், மதியம் வந்து சோறு பொங்குவாள், மாலை ஆறரைக்கு டிவி முன்னால் உட்காருவாள். அந்த அரை மணி நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் என்னைத்தான் அணைக்கச் சொல்வாள். நாள் முழுக்கக் குனிந்த முதுகு சுவரில் சாய்கிற நேரம் அது. நான் குறுக்கே போக மாட்டேன்.

எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் கேபிள் ஒயர் கட்டியிருந்தது. கேபிள் சேகர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன், காயோடு இருந்த பெரிய கிளை தரையில் கிடக்கிறது. ஒயருக்கு இடைஞ்சலாம், வெட்டிவிட்டானாம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இந்த மாதிரி நேரத்தில் காது அடைத்துவிடும். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி ஒயரை நறுக்கிவிட்டேன். அந்த ஒயர்தான் எங்களைத் தாண்டியிருந்த பதினோரு வீட்டுக்கும் போகிறது என்பது நறுக்கிய பிறகுதான் உறைத்தது. மணி சரியாக ஆறரை. தெருவே வெளியே வந்துவிட்டது. உள்ளேயிருந்து முதலில் வந்தது அம்மாதான்.

சேகர் வண்டியில் வந்து இறங்கினான்.

"இன்னாடா, உனுக்கு அறிவு கீதா? என் ஒயர்ல கை வெக்கற?"

"என் மரத்துல நீ கை வெச்சியே, அப்ப உன் அறிவு எங்க மேயப் போச்சி?"

"சரி. இனிமே உன் வூட்டுக்கு மட்டும் கனெக்‌ஷன் கெடையாது. ஒரு புள்ளி வராது."

"எவனுக்கு வேணும் உன் கனெக்‌ஷன்? ஆயுத பூசைக்குள்ள மானத்துலேர்ந்து நேரா படம் எடுக்கறன் பாரு. எடுக்கலன்னா மீசைய எடுத்துடறன்."

அன்று எனக்கு இருந்த மீசைக்கு அது பெரிய பந்தயம் இல்லைதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். தெரு முழுக்கக் கேட்டது.

சேகர் மற்ற வீடுகளுக்கு வேறு வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டான். எங்கள் டிவி மட்டும் கறுப்பு. அம்மா என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். ஆறரை ஆனால் முகம் கழுவிக்கொண்டு எதிர் வீட்டுக் கஸ்தூரி அக்கா வீட்டுக்குப் போனாள். பத்து நாள் போனாள். பதினோராவது நாள் போன வேகத்தில் திரும்பி வந்து, முறத்தை எடுத்து, காலையில் பார்த்து வைத்த அரிசியிலேயே மறுபடி கல் பொறுக்கினாள். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரர்தான் கடையில் சொன்னார். "ஒயர அறுத்தவன் அம்மாவுக்கு சீரியல் இன்னாத்துக்கு?" என்று கஸ்தூரி அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாளாம். எல்லாரும் சிரித்தார்களாம்.

மீசை போனால் முளைக்கும். அம்மா இனி எவள் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது. அன்றைக்கு இதுதான் எனக்குப் பெரிய விஷயமாக ஆனது.

மானத்திலிருந்து, அதாவது சாட்டிலைட்டிலிருந்து, படம் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படி எடுப்பது என்று ஒரு மண்ணும் தெரியாது. டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. என் கையில் வார்னிஷ் கறை. கடைக்காரர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, இதெல்லாம் உனக்கு ஒத்துவராது. ஆளுங்கள வச்சித்தான் போடணும்" என்றார். ரிசீவர் டப்பா ஒன்றை மேசையில் வைத்திருந்தார். பளபளவென்று நீல விளக்கு, ஐயாயிரம் சேனல் என்று எழுதிய அட்டை, அறுபது பட்டன் வைத்த ரிமோட். எனக்கு அது பிடித்துத்தான் போயிருந்தது. ஆனால் அந்த மனிதர் பேசிய பேச்சுக்கு அங்கே ஒரு ஸ்க்ரூகூட வாங்கக் கூடாது என்று வெளியே வந்துவிட்டேன். என் கோபம் எனக்கு நல்லது செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

நேரே வில்லியனூர் போனேன். அங்கே ஜமால் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஐடிஐயில் என்னோடு படித்தவன். அவன் கேட்கிற கேள்வியில் பாதி கிண்டல், மீதி அதைவிடப் பெரிய கிண்டல். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை ஈயம் பற்ற வைத்துக்கொண்டே கேட்டான். கடையில் அந்தப் புகை நெடி எப்போதும் இருக்கும்.

"நீ ரிசீவர் வாங்க வந்தியா, மீசைய காப்பாத்த வந்தியா?"

"ரெண்டுந்தான்டா."

அவன் கடையில் ஒரு ரிசீவர் இருந்தது. தகர டப்பா, விளக்கு கிடையாது, பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி. எனக்கு முகம் சுருங்கியது. அவனோ அதைத் தன் கடை மாடி டிஷ்ஷில் மாட்டி ஒரே ஒரு பட்டனை அழுத்தினான்.

"ரிமோட்ட பாக்காத. தானா தேடுதா, அத பாரு. நீல வெளக்கு கீதே, அதுக்கு ஒவ்வொரு சேனல் நம்பரும் நீதான் அடிக்கணும். உனுக்கு நம்பர் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. இது குருடன் தடவற மாரி தடவி தானே கண்டுபுடிக்கும். உன்ன மாரி ஒண்ணும் தெரியாதவனுக்குன்னே செஞ்சது."

டப்பா தடவித் தடவி ஒவ்வொரு சேனலாகப் பிடித்துப் போட்டது. வாங்கிவிட்டேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். டப்பா அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தேடத் தெரிகிறதா என்று பாருங்கள். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வந்தேன், வேண்டாம், எனக்குத் தத்துவம் வராது.

டிஷ் விஷயத்தில் மட்டும் ஜமால் பேச்சை நான் கேட்கவில்லை. ஆறு அடி போதும், வலை டிஷ் வாங்கு, காற்று உள்ளே புகுந்து போய்விடும், தூக்கவும் சுலபம் என்றான். நான் வலையைப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஓட்டை.

"ஏன்டா, இந்த ஓட்டை வழியா சிக்னல் ஒழுகிடாதா?"

ஜமால் ஈயக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மழத்தண்ணின்னு நெனச்சிக்கினியா?" என்றான். அந்த அலைக்கு இந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாது என்று விளக்கினான். நான் நம்பவில்லை. கெட்டியான பொருள்தான் நல்ல பொருள் என்று வளர்ந்தவன் நான். டவுனில் ஒரு லாட்ஜில் கழற்றிப் போட்டிருந்த ஆறடி அலுமினிய டிஷ்ஷைத் தேடிப் பிடித்தேன். ஓட்டை இல்லாதது. வெள்ளைப் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது, அவ்வளவுதான் குறை. தட்டிப் பார்த்தால் கோயில் மணி மாதிரி சத்தம். வேறென்ன வேண்டும்?

குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பின்னால் நின்று பிடித்துக்கொண்டு வந்தது நான். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியதும் ஆற்றுக் காற்று டிஷ்ஷுக்குள் புகுந்து என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. வலை டிஷ் என்று ஜமால் சொன்னது அப்போது ஒரு நொடி ஞாபகம் வந்தது, உடனே மறந்தேன். பக்கத்தில் டூவீலரில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்து, "அண்ணே, எந்த ஊரு பிரியாணிக்கு?" என்றான். ஊர் போய்ச் சேரும்வரை அதே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்தது.

எங்களுடையது அரசாங்கத் தொகுப்பு வீடு. மாடிக்குப் படி கிடையாது, ஏணிதான். வண்டிக்காரரும் நானும் கயிறு கட்டி இழுத்து ஏற்றினோம். டிஷ்ஷின் நடுவே மூன்று கம்பி சேர்ந்து ஒரு சின்ன டப்பாவைத் தூக்கிப் பிடித்திருக்கும். எல்.என்.பி. என்பார்கள். டிஷ் குவித்துக் கொடுப்பதை வாங்கி ஒயரில் இறக்குவது அதன் வேலை. வாயில் வெள்ளை பிளாஸ்டிக் மூடி. இந்த மூடியை நினைவில் வையுங்கள்.

எப்படித் திருப்பி வைப்பது என்பதற்கு ஜமால் ஒரு புத்தகம் கொடுத்தான். எங்கோ வடக்கே அச்சடித்தது. படத்தில் டிஷ் ஒரு மனிதன் தெருவைப் பார்த்து நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றது. நானும் அப்படியே நிறுத்தினேன். எட்டு நாள். வேலை முடிந்து வந்ததும் ஏணியில் ஏறுவேன், அரை அங்குலம் நகர்த்துவேன், கீழே வந்து பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. சேகர் அந்த வழியாகப் போகும்போது மேலே பார்த்து, தன் மீசையைத் தடவிக்கொண்டே போவான். வெள்ளிக்கிழமை ஜமால் வந்தான். இரண்டு பேரும் புத்தகத்தை விரித்துக்கொண்டு அடித்துக்கொண்டோம். அம்மா டீ எடுத்துக்கொண்டு ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் நீட்டினாள்.

"ஏன்டா, அது எங்க கீதுன்னு சொன்ன?"

"மானத்துலம்மா."

"அப்ப இது இன்னாத்துக்கு கஸ்தூரி வூட்டு மாட்டுக் கொட்டாய பாத்துக்கினு கீது?"

நானும் ஜமாலும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாட்டிலைட் நிற்பது பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே. வடக்கே தூரத்தில் இருக்கிறவனுக்கு அது தாழ்வாகத் தெரியும், டிஷ்ஷை நிமிர்த்தி வைப்பான். நாம் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நமக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கிறது. டிஷ்ஷைச் சட்டி மாதிரி மல்லாக்க வைக்க வேண்டும். ஐடிஐ படித்த இரண்டு பேருக்கு எட்டாதது டீ டம்ளரோடு வந்தவளுக்கு எட்டியது.

மல்லாத்தினோம். ஜமால் கீழே டிவி முன்னால், நான் மேலே டிஷ்ஷைக் கட்டிப்பிடித்தபடி.

"ஏறுது... ஏறுது... டேய், ஏறுது! போச்சி! எருமை, ஏன்டா அசைஞ்ச?"

"மூச்சி வுட்டன்டா!"

"வுடாத! அங்கியே நில்லு!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து ஒரு பாட்டுச் சத்தம் வந்தது. என்ன பாஷை என்று இன்றுவரை தெரியாது. நான் ஏணியில் இறங்கவில்லை, குதித்தேன். கணுக்கால் வீங்கியது மறுநாள்தான் தெரிந்தது.

டப்பா நாற்பது சேனலுக்கு மேல் பிடித்திருந்தது. அம்மா ஏற்கெனவே முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் சீரியல் வரும் சேனலின் பெயர் இருந்தது. அழுத்தினேன். படத்துக்குப் பதில் ஒரு பூட்டு வந்தது.

"அது காசு கட்டற சேனல்டா, இதுல வராது. உனுக்குத் தெரியும்னு நெனச்சன்" என்றான் ஜமால், மெதுவாக.

எனக்குத் தெரியாது. எட்டு நாள் ஏணியில் ஏறி இறங்கியது எதற்காகவோ அதுவே வராது. ரிமோட்டை சுவரில் அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய வேகத்தில் ஏதோ பட்டன் அழுந்தி சேனல் மாறியது. ஒரு சமையலறை. ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பின்னால் பெரிய மூக்குத்தி போட்ட ஒரு கிழவி முறைத்துக்கொண்டு நின்றாள்.

"இரு இரு, மாத்தாத" என்றாள் அம்மா. "பாவம், இந்தப் பொண்ணு ஏன் அழுவுது?"

"பாஷை புரியலயேம்மா."

"அழுவறதுக்கு இன்னாடா பாஷை? புள்ளைய தூக்கிக் குடுத்துட்டா அந்த மூக்குத்தி. மூஞ்சப் பாத்தா தெரியல?"

அன்று தொடங்கியது. தினமும் ஆறரைக்கு அந்தச் சீரியல். அழுத பெண்ணுக்கு அம்மா அஞ்சலை என்று பெயர் வைத்தாள். திரையில் ஓடுவது ஒரு கதை, அம்மா சொல்வது ஒரு கதை. சொல்லச் சொல்ல அம்மாவின் கதைதான் சரி என்று எனக்கே தோன்றியது. களை எடுக்கும்போது கூட வேலை செய்கிறவர்களிடம் முதல் நாள் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி வந்தாள், இரண்டு பேர் வந்தார்கள், கோரைப்பாய் போதாமல் இன்னும் இரண்டு வாங்கினேன். ஒரு நாள் வாசலில் கஸ்தூரி அக்கா.

"இன்னாமோ புரியாத படம் பாக்கறீங்களாமே?"

அம்மா திரும்பினாள். "வா கஸ்தூரி. ஒயர அறுத்தவன் வூடுதான், பரவால்லியா?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பாயில் நகர்ந்து இடம் விட்டாள். கஸ்தூரி அக்காவும் முகம் சிவக்க உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில், "அய்யோ, அந்தக் கெழவிய யாராச்சும் கேளுங்களேன்டி" என்று கத்தியது அவள்தான்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று அரிவாள், மண்வெட்டி, மோட்டார், சைக்கிள், எல்லாவற்றையும் கழுவித் தேய்த்துச் சந்தனம் வைப்போம். அழுக்காக ஒரு பொருளை விட்டால் அதற்கு மனசு நோகும் என்பாள் அம்மா. இத்தனை செய்துகொடுத்த டிஷ்ஷை விடலாமா? உரிந்த பெயின்டோடு பார்க்க அசிங்கமாக இருந்தது. நான் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுப் பெயின்டை மொத்தமாகச் சுரண்டினேன். அம்மா புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைக் குடம் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். கண்ணாடி ஆகிவிட்டது. குனிந்தால் என் முகம் தலைகீழாகத் தெரிந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. தெருவில் நின்று பார்த்தால் கண் கூசியது. எனக்கு அவ்வளவு பெருமை.

மறுநாள் விடுமுறை. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். படம் புள்ளி புள்ளியாக உடைந்து போயே போய்விட்டது. மேலேயிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ஏணியில் ஏறினால், எல்.என்.பி.யிலிருந்து புகை. வெள்ளை மூடி உருகி மெழுகு மாதிரி டிஷ்ஷுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரே ஒரு பெயர்தான் வாயில் வந்தது. நேரே சேகர் வீட்டுக்குப் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எழுந்திருடா. என் டிஷ்ஷுக்கு நெருப்பு வெச்சிட்டு சோறு துன்றியா?"

"நானா? நா காலையிலேர்ந்து இங்கதான்டா கெடக்கறன். இன்னா ஆச்சி?"

நான் சொன்னதும் அவன் முகத்தில் கோபம் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு என்னோடு வந்தான். ஏணியில் ஏறினான். டிஷ்ஷைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான். கீழே கிடந்த காய்ந்த தென்னோலைக் கீற்று ஒன்றை எடுத்து, எல்.என்.பி.க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்தான். குபுக்கென்று புகைந்து பற்றிக்கொண்டது.

"யாருடா இத தேச்சது?"

"நான்தான். பூசைக்கு."

அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பெயின்ட்டு இன்னாத்துக்கு அடிக்கறான்? அழகுக்கா? வெயில செதறடிக்கத்தான். வருஷத்துல ரெண்டு தபா, நாலஞ்சு நாளு, சூரியன் சரியா சாட்டிலைட்டுக்குப் பின்னால வந்து ஒக்காரும். எல்லா டிஷ்ஷுலயும் படம் போவும், பத்து நிமிஷத்துல வந்துடும். நீ கண்ணாடி வெச்சி அடுப்பு மூட்டியிருக்க. வலை டிஷ்ஷா இருந்தா வெயிலு ஓட்டையில போயிருக்கும்."

ஒழுகாத டிஷ் வாங்கியவன் நான். வெயில்கூட ஒழுகவில்லை. இப்படி ஒருத்தன் முன்னால் முட்டாளாக நின்றால் எனக்கு இன்னும் கோபம் வர வேண்டும். வரவில்லை. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். மரத்தைப் பற்றி அவனும் ஒயரைப் பற்றி நானும் மன்னிப்பு என்று எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. சிரித்து முடித்ததும் அவன் குரலை இறக்கினான்.

"என்கிட்ட பழைய எல்.என்.பி. ஒண்ணு கீது. தேடி எடுத்து சரி பண்ண மூணு நாளு ஆவும். பளபளக்காத பெயின்ட்டா வாங்கி அடி. சீக்கிரம் ஆவட்டும்டா."

"உனுக்கு இன்னா அவசரம்?"

"ஆறரைக்கு என் பொண்டாட்டி எங்க போறான்னு நெனச்ச? நூறு சேனலு கீது என் வூட்ல. உங்கம்மா பக்கத்துலதான் வந்து ஒக்காந்துக்கினு கீறா."

நான் கவனித்ததே இல்லை. பாயில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெண்கள் கூட்டத்துக்குள் நான் எப்போது தலையை நீட்டினேன்?

அந்த மூன்று நாளும் ஆறரைக்கு எல்லாரும் வந்தார்கள். டிவி ஓடாது என்று சொன்னேன். "பரவால்லபா, உங்கம்மா இருக்கறாங்கல்ல" என்றாள் கஸ்தூரி அக்கா. கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அம்மா கதையை நடத்தினாள். இரண்டாம் நாள் மூக்குத்திக் கிழவி காலில் விழுந்தாள். மூன்றாம் நாள் அஞ்சலைக்குக் குழந்தை கிடைத்தது. பாயில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் சேகர் வந்து எல்.என்.பி.யை மாட்டிப் படம் வந்தது. திரையில் அஞ்சலை இன்னும் அதே சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள்.

"இவங்க மெதுவா வர்றாங்க" என்றாள் அம்மா. "நாம முன்னாடி போயிட்டோம்."

சில வருஷம் கழித்து ஒரு புயலில் அந்த டிஷ் பறந்து கரும்புக் கொல்லையில் விழுந்து மடங்கிப்போனது. பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். ஜமால் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். சேகர் கேபிளை விட்டுவிட்டு இன்டர்நெட் ஒயர் இழுக்கிறான். மரத்தில் கட்டும் முன் என்னிடம் கேட்கிறான். கஸ்தூரி அக்கா காதில் ஒயர் மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறாள்.

போன வருஷம் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த மூக்குத்தி கண்ணில் பட்டது. அதே சீரியல், தமிழில் பேச வைத்துப் போட்டிருக்கிறார்கள். ஓடிப் போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். குழந்தையே இல்லை. அந்தப் பெண் அழுதது ஏதோ நகைக்கடைப் பங்குக்காக. மூக்குத்திக் கிழவி நல்லவளாம், அவளுக்குத் துணையாகத்தான் பின்னால் நிற்கிறாளாம். அம்மாவுக்கு முகம் கடுகடுவென்று ஆனது.

"யாரோ தப்பு தப்பா பேசி வெச்சிருக்கானுங்க. அஞ்சல இப்பிடியா பேசுவா? சத்தத்த நிறுத்துடா. படம் மட்டும் ஓடட்டும்."

நிறுத்தினேன். கதை சொல்ல வாயைத் திறந்த அம்மா, பழைய பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பி, எல்லாரும் வந்தாகிவிட்டதா என்று பார்த்தாள்.